அட்டையிழந்த இளங்கதிர்

பழைய மாணவர் சங்கச் செயலாளரின் மடல் கித்துல்கலைக்கு வந்து சேர்ந்த நாளில் மழை பெய்துகொண்டிருந்தது. இவ்வூரில் மழை பெய்த நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. பெய்யாத நாளையே குறித்து வைப்பர். நனைந்து ஒட்டிக்கொண்ட உறையைப் பக்குவமாகப் பிரித்துப் படித்தேன். நமது கல்லூரியின் விழா மலருக்கு, கல்லூரி எனக்கு அளித்தது யாது என்பதுபற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று எழுதியிருந்தார்.

என்னொத்தவர்கள் கிரிக்கெற் ஆட்டங்களைப் பற்றியும், விடுதிச்சாலைச் சாம்பாரில் பருப்பைத் தேடிக் களைத்த கதையையும், தண்டனைக்கஞ்சாத தோழர்களின் வீரச் செயல்களையும் எழுதுவார்கள். அவற்றை என்னிலும் நன்றாக எழுத வல்ல வைத்தியர்களும் பொறியியலாளர்களும் வழக்கறிஞர்களும் நம்முள் இருக்கின்றனர். நானோ பட்டதாரியுமல்லேன், கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் பெற்ற ஒரு தமிழாசிரியன். ஆகவே கல்லூரியிலிருந்து நான் எடுத்துச் சென்ற ஒரு பொருளைப் பற்றி மாத்திரம் எழுதத் துணிந்தேன். 'எடுத்துச் சென்ற' என்னும் சொல்லை வாசகர் சற்றே நினைவில் வைத்திருக்க வேண்டும். அதன் பொருள் கட்டுரையின் முடிவில் விளங்கும்.

கித்துல்கலையை நம்மவருட் பலர் ஒரு பாலத்தினால் அறிவர். டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்துக்காக இங்கே களனி கங்கையின் குறுக்கே மரத்தாற் பெரும் பாலமொன்று கட்டி, படத்துக்காகவே அதைத் தகர்த்தும் விட்டார்கள். இன்று காற்றடைத்த படகுகளில் வெள்ளைக்காரரும் கொழும்பு இளைஞரும் ஆற்றுச் சுழிகளிற் பாய்ந்து கூவுகின்றனர். இவற்றுள் எதுவும் எங்களுடையதன்று. எங்களுடையது ஆற்றுக்கு மேலே உள்ள சரிவு. தாழ்ந்த பகுதியில் இறப்பர், ஏற ஏறத் தேயிலை, இடையிடையே லயங்கள். என் தந்தையார் இறப்பர் மரத்திற் பால் வெட்டியவர். விடியுமுன் எழுந்து கத்தியைத் தீட்டும் ஓசையிலேயே நான் கண்விழித்து வளர்ந்தேன். மரப்பட்டை நனைந்துவிட்டால் வெட்டில்லை. வெட்டில்லையெனில் அன்றைக்குப் பேரில்லை. 'பேர்' என்றால் தோட்டத்தில் என்ன பொருள் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

உறவினர் ஒருவரின் உதவியால் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு அவிசாவளை வழியாக பஸ்ஸேறி நமது கல்லூரி விடுதிக்கு வந்து சேர்ந்தேன். அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வார இறுதியில் மற்றையோர் வீடு செல்ல, செலவுக்குக் காசில்லாத நாங்கள் நால்வர் விடுதியில் தங்குவோம். மூவர் பந்து விளையாடுவர். எனக்குப் பந்து கைக்கு வராது. ஆகவே நூலகத்தின் திறவுகோலை வைத்திருந்த தமிழாசான் என்னைக் கூப்பிட்டு, பழைய சஞ்சிகைகளைத் தூசு தட்டி ஆண்டு வாரியாக அடுக்கும் பணியில் அமர்த்தினார். பணிக்குக் கூலியாக அவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கல்லூரி எனக்களித்தவற்றுள் அச்சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அங்ஙனம் அடுக்குகையில் அட்டையிழந்த மெல்லிய மலரொன்று கையில் அகப்பட்டது. முன்னும் பின்னும் வியாபார விளம்பரங்கள்; உள்ளே பக்கத்தின் தலைப்பில் 'இளங்கதிர்' என்றிருந்தது. அட்டை போனதால் ஆண்டு தெரியவில்லை. "ஐயா, இதை எந்த அடுக்கில் வைப்பது?" என்று வினவினேன். அவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, "இதுவா? இது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள் போட்ட மலர். வாசித்துப் பார். பேராசிரியர் எழுதினதும் இருக்கும், பெடியன் எழுதினதும் இருக்கும். எது எவருடையது என்று பேரைப் பார்க்காமல் சொல்ல முடிகிறதா என்று பார்," என்றார்.

அப்பரீட்சையை நான் அன்று பிற்பகல் முழுவதும் எழுதினேன் எனலாம். சில இடத்திற் பிழைத்தேன். பேராசிரியருடையது என நான் நினைத்த ஒரு கட்டுரை முதலாண்டு மாணவருடையதாயிருந்தது. இரண்டும் ஒரே அளவு எழுத்தில், ஒரே மையில், அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன. புகழ்பெற்றவர்க்குப் பெரிய எழுத்தும் புதியவர்க்குச் சிறிய எழுத்தும் என்ற வேறுபாடு அங்கே இல்லை. சிறுவனாகிய எனக்கு அதிற் கண்ட வியப்பு இன்றும் தணியவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு ஒரே வரிசையில் நிற்பது என்பது சாதாரண காரியமன்று. பெரட்டுக் களத்தில் துரை ஓரிடத்தில், கணக்கப்பிள்ளை ஓரிடத்தில், கங்காணி ஓரிடத்தில், மற்றையோர் வேறிடத்தில் நிற்பதைப் பார்த்தே நாங்கள் எண்ணக் கற்றோம்.

இளங்கதிரின் வரலாற்றைப் பின்னர் நான் துருவித் துருவி அறிந்தேன். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியது. 1943இல் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த விபுலாநந்த அடிகள் 1947இல் மறைய, அவ்விடத்துக்குக் கலாநிதி க. கணபதிப்பிள்ளை வந்தார். அதற்கடுத்த ஆண்டாகிய 1948இல் மாணவர்தம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலராக இளங்கதிர் முளைத்தது. அப்போது பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்தது. 1952இற் பேராதனைக்குப் பெயர்ந்தபோது மலரும் உடன் பெயர்ந்தது. மாணவரே இதழாசிரியர். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறுவர். ஏனெனில் மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுவர். இது பலவீனம் என்பார் உளர். எனக்கோ இதுவே அதன் உயிர்நிலை என்று படுகிறது. ஒருவர் நாற்காலியிற் பழகிப்போகுமுன் இன்னொருவர் வந்து, தாம் விரும்பும் புதியவரைத் தேடத் தொடங்குவார்.

ஒரு பல்கலைக்கழக இதழை நடத்துவது எத்தகைய தொல்லை என்பதைப் பாடசாலைக் கையெழுத்துச் சஞ்சிகையை நடத்திய எவரும் ஊகிக்கலாம். விளம்பரம் கேட்டுக் கடைகடையாய் ஏறவேண்டும். பேராசிரியரின் கட்டுரையைக் கெஞ்சிப் பெறவேண்டும். மாணவரின் கவிதைகளோ கேளாமலே வந்து குவியும். அவற்றுட் பத்தில் ஒன்பதை மறுக்கவேண்டும். மறுக்கப்பட்டவர் அடுத்த அறையில் இருப்பார், அதே மேசையில் உணவருந்துவார். இவ்வளவையும் சகித்து ஒரு மலர் வெளிவந்தால், அதில் எழுதிய பேராசிரியருக்கு அது பல கட்டுரைகளுள் ஒன்று. எழுதிய மாணவனுக்கோ அது முதலாவது. அந்த ஒருவனுக்காகவே ஏனைய எல்லாம் என்று நான் நினைக்கிறேன். பெரியவரின் பெயர் சிறியவனைத் தாங்குகிறது. சிறியவனின் துடிப்பு பெரியவரின் கட்டுரையை நூலகத் தூசியினின்றும் காக்கிறது. யான் கண்ட பிரதியிலும் மாணவர் எழுதிய பக்கங்களின் ஓரங்களே அழுக்கேறிக் கிழிந்திருந்தன. ஆராய்ச்சிக் கட்டுரைகள் புத்தம் புதியனவாயிருந்தன. அவற்றை எழுதியவர்கள் என்னைப் பொறுத்தருள்க.

அக்காலத்துப் பேராதனையிலிருந்து எழுந்தவர்களை அனைவரும் அறிவர். கைலாசபதியும் சிவத்தம்பியும் ஐம்பதுகளில் அங்கே மாணவர். செம்பியன் செல்வன், செங்கை ஆழியான் ஆகியோர் அறுபதுகளின் மாணவர். 1962இற் பேராதனை மாணவரின் சிறுகதைகள் 'கதைப்பூங்கா' என்னும் தொகுதியாக வந்தன. வகுப்பறையிற் பழைய உரைகளைப் பயின்றுகொண்டே அறையில் இரவு விழித்துக் கதையெழுதிய தலைமுறை அது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கணபதிப்பிள்ளை இலண்டனிற் சாசனத் தமிழை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். அத்தகையவர் மேடைக்கு நாடகம் எழுதியபோது யாழ்ப்பாணத்துக் கிராமத்தவர் பேசும் பேச்சையே எழுதினார். 1940இல் வந்த 'நானாடகம்' அதற்குச் சான்று. கற்றவர் வீட்டுப் பேச்சை அச்சிலேற்ற நாணவில்லை. இச்செய்தியை நான் பதினாறு வயதிலேயே அறிந்திருந்தேன். அறிந்தும் பயன்கொள்ளாமைக்குக் கீழே வருந்துவேன்.

இளங்கதிர் முளைத்த அதே 1948ஆம் ஆண்டுக்கு எங்கள் லயங்களில் வேறொரு நினைவு உண்டு. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1947இல் இலங்கை இந்திய காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1952இல் ஒருவரும் செல்ல இயலவில்லை. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்ததாயினும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளிலேதான். ஒரே ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முற்றும். அதன்பின் கொழுந்துக் கூடை. பல்கலைக்கழகத்துக்கு வந்து இளங்கதிருக்குக் கதை கொடுப்பதற்கு அங்கிருந்து யார் வருவார்? வராத கதையை எந்த இதழாசிரியரும் அச்சிட முடியாது. ஆகவே நான் அம்மலரைக் குறைகூறவில்லை. ஆயினும் அட்டையிழந்த அப்பிரதியை முதலிலிருந்து முடிவுவரை படித்தபோது ஒரு தேயிலைச் செடியும் அதிற் காணவில்லை. பேராதனையைச் சுற்றி எத்திசை நோக்கினும் மலைச்சரிவில் தேயிலைதான்.

எங்கள் எழுத்து வேறு வழிகளால் வந்தது. மட்டக்கொம்பரையிற் பிறந்து, 1947இற் பாராளுமன்றம் சென்ற எழுவருள் ஒருவராகிய சி. வி. வேலுப்பிள்ளை தம் தேயிலைத் தோட்ட நெடுங்கவிதையை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழுக்கு அது பின்னரே வந்தது. என். எஸ். எம். இராமையா வானொலி நாடகத்தினின்றும் சிறுகதைக்கு வந்தவர். அவருடைய 'ஒரு கூடைக் கொழுந்து' 1961இல் தினகரனில் வெளியானது. பேராதனையிலிருந்து வெளிவந்த கைலாசபதி தினகரனில் ஆசிரியராயிருந்து புதியவர்க்கு இடம் விரித்த காலம் அது. பல்கலைக்கழகத்தின் கதவு எங்களுக்கு மூடியிருந்ததாயினும், அங்கே பயின்ற ஒருவர் வெளியில் வந்து வேறொரு கதவைத் திறந்து வைத்தார் என்று இதனைக் கொள்ளலாம்.

உலகில் இத்தகைய இதழ்கள் பல. ஹார்வர்ட் மாணவர் சஞ்சிகையில் இளைஞர் எலியட்டின் தொடக்கக் கவிதைகள் வந்தன. எனக்கு நெருக்கமானது வேறொன்று. உகண்டாவின் மக்கெரெரே பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலத்துறையினர் 'பென்பொயின்ற்' என்றொரு சிறு சஞ்சிகை நடத்தினர். கூகி வா தியாங்கோ என்னும் கென்ய மாணவர் அதன் ஆசிரியரை வழியிற் கண்டு, தாம் ஒரு கதை எழுதியிருப்பதாகச் சொன்னார். உண்மையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சொல்லிவிட்டோமே என்று பின்னர் எழுதினார். அக்கதை 1960இல் அச்சேறியது. அவர் பிறந்த லிமுரு எங்கள் நாட்டைப் போலவே தேயிலை விளையும் மேட்டுநிலம். ஆங்கிலத்திற் பெரும் புகழ் பெற்ற பின்னர், தம் ஊரவரின் கிக்கூயு மொழியில் ஊரவரையே கொண்டு 1977இல் நாடகம் நடத்தியமைக்காக விசாரணையின்றி ஓராண்டளவு சிறையிலிருந்தார், 2025இற் காலமானார். சஞ்சிகை ஆசிரியரிடம் சொன்ன அந்த ஒரு பொய்யை நான் என் மாணவருக்கு அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. பொய் சொல்லக் கற்பிக்கிறேன் என்று அதிபர் ஒருமுறை கடிந்துகொண்டார்.

இனி என் கதைக்கு வருவேன். இளங்கதிரைக் கண்ட நாளிலிருந்து பேராதனைக்குப் போவதொன்றே என் எண்ணமாயிற்று. கினிகத்தேனை ஏறி, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து சென்றால் பேராதனை. எங்கள் வீட்டிலிருந்து கொழும்பைவிட அண்மை. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வந்தபோது என் புள்ளி வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றது. மறுமுறை எழுதலாம் என்றார் தமிழாசான். அவ்வாண்டிலேயே தந்தையார் மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். மறுமுறை என்பது எங்கள் வீட்டில் இல்லாமற் போயிற்று. தோட்டப் பாடசாலையொன்றில் உதவி ஆசிரியனானேன். பின்னர் கலாசாலை சென்று மீண்டேன். இதை ஒரு துயரமாக நான் சொல்லவரவில்லை. என் சம்பளத்தில் தங்கையர் இருவர் படித்தனர்.

ஆயினும் பல்கலைக்கழகம் செல்லாத தமிழாசிரியனுக்கு ஒரு நோய் உண்டு. தன் தமிழில் யாரும் குற்றங்காணலாகாது என்னும் அச்சத்தினால் அவன் பல்கலைக்கழகம் சென்றவனைக் காட்டிலும் இலக்கண சுத்தமாக எழுதுவான். மாணவரையும் அங்ஙனமே வாட்டுவான். என் சிவப்பு மைக் கூட்டுக்கு இவ்வட்டாரத்தில் ஒரு புகழ் உண்டு. 'லயம்' என்று எழுதினால் 'தொடர்வீடு' எனத் திருத்துவேன். 'கொந்தரப்பு' என்றால் 'ஒப்பந்த வேலை'. 'பெரட்டு' என்றால் அருகே ஒரு வினாக்குறி.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எனக்கு ஒரு கொப்பி தந்தாள். தமிழ்த் தினப் போட்டிக்கு ஆக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். அவள் ஒரு சிறுகதை எழுதியிருந்தாள். தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தாய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டு இடையில் லயத்துக்கு ஓடிவிட்டுத் திரும்புகிறாள். மாலை நிறுவையிற் கொழுந்து குறைந்துவிடுகிறது. இங்கே ஒன்றை விளக்கவேண்டும். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். விதித்த இறாத்தல் குறைந்தால் அரைப்பேர்தான். முன்னர் சொல்லிவைத்த 'பேர்' இதுவே. இறாத்தல் கிலோவாக மாறிய பின்னும் அரைப்பேர் மாறவில்லை. கதையில், தாய் வீட்டுக்கு வந்து "இன்னைக்கி அரைப்பேருதான்" என்கிறாள். அன்று பள்ளியிற் பெயர்ச்சொல் படித்துவிட்டு வந்த சிறுமி, "பேருல எப்படிம்மா அரை?" என்று கேட்கிறாள். தாய் விடை சொல்லாமல் அடுப்பை ஊதுகிறாள். கதை அவ்வளவே.

நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. 'அரைப்பேர்' என்பதை அடித்து 'அரைநாட் கூலி' என எழுதினேன். "பேருல எப்படிம்மா அரை?" என்பதை "கூலியிற் பாதி குறைந்தது ஏன், அம்மா?" என்று மாற்றினேன். அடுப்பை ஊதிய தாய்க்கு நான்கு வரியில் ஒரு விடையும் எழுதிக்கொடுத்தேன். உழைப்பின் பெருமை பற்றிய விடை. மாணவி கொப்பியை வாங்கிப் பார்த்து, "சேர், அம்மா அப்பிடிச் சொல்ல மாட்டாங்க, சேர்," என்றாள். "அம்மா பேசுவது வேறு, எழுதுவது வேறு," என்று விடையளித்தேன். பிரதிபண்ணிக் கொடுத்தாள். போட்டியில் அதற்கு ஓர் ஆறுதற் பரிசு கிடைத்தது. என் திருத்தமே பரிசைப் பெற்றுத் தந்தது என்று அன்று மகிழ்ந்தேன்.

அவள் அட்டனிற் படித்து உயர்தரம் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுந்தாள். எங்கள் லயத்திலிருந்து முதலாமவள். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை இங்கே சொல்லாது விடுகிறேன். அவள் பெயரையும் அவ்வாறே. அங்கேயும் தமிழ்ச் சங்கம் ஒன்று இதழ் வெளியிடுகிறது. பெயர்பெற்ற எழுத்தாளரும் முதன்முதல் எழுதுபவரும் அதில் ஒருங்கே எழுதுகின்றனர். முதலாண்டிலேயே அவள் அக்கதையைப் பரிசு பெற்ற வடிவில் அனுப்பியிருக்கிறாள். இதழாசிரியர் வடக்கிலிருந்து வந்த மூன்றாமாண்டு மாணவர். தோட்டத்தைக் கண்ணாற் கண்டவரல்லர். அவர் கதையைத் திருப்பியனுப்பி ஒரு குறிப்பும் வைத்தார். அக்குறிப்பை அவள் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். தாய் நன்னூல் பயின்றவள்போலப் பேசுகிறாள் என்றும், இதனுள் வேறொரு கதை ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது என்றும், வீட்டில் என்ன சொல்வார்களோ அதையே எழுதித் தரமுடியுமா என்றும் அதிற் கண்டிருந்தது.

முதலில் எனக்குக் கோபமே வந்தது. இருபத்திரண்டு வயதுப் பையன் இருபது ஆண்டு கற்பித்தவனுக்குத் தமிழ் சொல்லித்தருவதா என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. விடை ஒன்றும் எழுதினேன்; தொல்காப்பியத்தைத் துணைக்கழைத்து மூன்று பக்கம். நல்வினைப் பயனாக அதை அனுப்பவில்லை. மூன்றாம் நாள் இரவு என் கைப்பேசியில் நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தைத் திறந்து பழைய இளங்கதிர் மலர்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2005 அளவில் தொடங்கிய அப்பணியினால், அட்டையோடு கூடிய இளங்கதிரை மலையடிவாரத்துக் குடிசையிலிருந்தும் இன்று காணலாம். அங்கே பேராசிரியரின் பெயர் கண்ணிற் பட்டதும் எனக்கு நானாடகம் நினைவில் வந்தது. யாழ்ப்பாணத்துத் தாய் வீட்டிற் பேசுவதுபோல மேடையிற் பேசலாம். அதனைப் பேராசிரியர் எழுதலாம். நான் அதைப் போற்றலாம். எங்கள் லயத்துத் தாய் மாத்திரம் என் கையில் எழுத்துத் தமிழ் பேசவேண்டும். ஏன்? அவள் பேச்சை வெளியார் கேட்டால் நகைப்பர் என்று நான் அஞ்சினேன். பதினோராம் வயதில் விடுதிக்கு வந்த முதல் வாரம் நான் பேசிய பேச்சைக் கேட்டுச் சிலர் நகைத்தனர். அந்நகைப்பை முப்பது ஆண்டுகள் சிவப்பு மையாய்ச் சுமந்து, என் மாணவர் கொப்பிகளிற் கொட்டியிருக்கிறேன்.

மூல வடிவம் எங்கே என்று அவளைக் கேட்டேன். "சேர்கிட்டத்தான் சேர் இருக்கு, கொப்பிய நீங்க திருப்பிக் குடுக்கவே இல்லியே," என்றாள். அலுமாரியைக் குடைந்தேன். இருந்தது. என் சிவப்புக் கோடுகளுக்கு அடியில் அவள் எழுத்து முழுவதும் படிக்கக்கூடியதாயிருந்தது. பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனுப்பினேன். திருத்தங்களை விட்டு, அடிக்கப்பட்டவற்றை மாத்திரம் பார்த்து எழுதும்படி ஒரு குறிப்பும் வைத்தேன். ஆசிரியத் தொழிலில் இத்தகைய குறிப்பை நான் எழுதியது அதுவே முதன்முறை.

இதழ் சென்ற ஆண்டு வந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் கட்டுரை இடப்பக்கத்தில் முடிகிறது. வலப்பக்கத்தில் அவள் கதை தொடங்குகிறது. ஒரே எழுத்தளவு. 'அரைப்பேர்' என்பதற்கு அடிக்குறிப்பு இடவில்லை. விளக்கம் இடவேண்டுமெனச் சிலர் சொன்னார்களாம். சிறுமியின் கேள்வியே விளக்கந்தான் என்று இதழாசிரியர் மறுத்துவிட்டாராம். அந்த இளைஞரை நான் கண்டதில்லை. கண்டால் எழுந்து நிற்பேன்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். தாய் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்து, கூடையை இறக்கிவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். கதையைப் படித்துக் காட்டினேன். சிறுமியின் கேள்வி வந்த இடத்தில், "அடிப் பாவி, அத இன்னும் நெனப்பு வச்சிருக்காளா?" என்றார். அது நடந்த சங்கதி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பின்னர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தலைப்பின்கீழ் அச்சாகியிருந்த மகளின் பெயரை விரலாற் தொட்டு, "இது முழுப்பேருதானுங்களே, மாஸ்டர்?" என்று கேட்டுச் சிரித்தார். முழுப்பேர்தான் என்றேன்.

இனி, முதலிற் சொன்ன அச்சொல்லுக்கு வருகிறேன். உயர்தரம் எழுதிவிட்டு விடுதியைவிட்டு நீங்கிய நாளில், அட்டையிழந்த இளங்கதிர் என் தகரப் பெட்டியில், துணிகளின் அடியிற் கிடந்தது. தமிழாசானிடம் நான் கேட்கவில்லை. பேராதனைக்குப் போகும் நாளிற் கொண்டுவந்து தரலாம் என்று எண்ணினேன்; அந்நாள் வரவில்லை. அவர் இன்று இல்லை. இத்தனை ஆண்டும் மழைக்கும் கறையானுக்கும் தப்ப அதைப் பொலித்தீன் உறையில் இட்டுக் காத்தேன். அவிசாவளையிற் கட்டுவித்து, கெட்டி அட்டை போட்டு, இக்கட்டுரையோடு கல்லூரி நூலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பொதியில் இன்னொரு மெல்லிய இதழும் இருக்கும். அதையும் அதே தட்டில் வைக்குமாறு நூலகப் பொறுப்பாளரை வேண்டுகிறேன். கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட தாமதத்துக்கு அபராதம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு அறிவித்தால், சம்பளம் வந்ததும் செலுத்துவேன். தவணை முறையிற் செலுத்த இடமளித்தால் நன்றியுடையேன்.